அண்ணாமலை நகர், சிதம்பரம்: எந்த வேலைக்கு எந்த ஆபீஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுக்கிறேன். மனு டைப் அடிக்க, வரி கட்ட, சான்றிதழ் பிரிண்ட் எடுக்க என்று வருகிறவர்கள் வேலை முடிவதற்குள் நாலு சந்தேகமாவது கேட்டுவிடுவார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே தப்பான ஆபீஸில் அரை நாள் காத்திருந்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். அந்த அலைச்சலைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதினேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

அக்கா, அண்ணாமலை நகரும் சிதம்பரமும் ஒரே ஊர்தானே?

பேச்சுக்கு ஒரே ஊர், நிர்வாகத்துக்கு இரண்டு. சிதம்பரம் நகராட்சி 1873-லேயே அமைந்தது. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருக்கும் அண்ணாமலை நகர் தனிப் பேரூராட்சி. தலைவர் வேறு, உறுப்பினர்கள் வேறு, வரிக் கணக்கும் வேறு. இந்தப் பக்கத்து வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனால், அங்கே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

1920-ல் மீனாட்சி கல்லூரி, 1929-ல் பல்கலைக்கழகம், அதை நிறுவிய அண்ணாமலை செட்டியார் பெயரில் இந்த ஊர். ஆனால் இடம் அதைவிட ரொம்பப் பழையது. இங்கே இருக்கிற திருவேட்களம் பாடல் பெற்ற தலம். சம்பந்தர் தில்லையில் தங்கத் தயங்கி, வேட்களத்தில் தங்கிக்கொண்டு அங்கிருந்து கூத்தனைக் கும்பிடப் போய் வந்தார் என்று சொல்வார்கள். தில்லை வேறு, வேட்களம் வேறு என்பது நமக்கு அப்போதிலிருந்தே இருக்கிற வழக்கம்.

நான் ரூம் எடுத்திருக்கிற தெரு எதில் வருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பின்கோடை வைத்து முடிவு பண்ணாதீர்கள். சிதம்பரம் 608001, அண்ணாமலை நகர் 608002 என்பதெல்லாம் தபால்காரருக்கான கணக்கு, எல்லைக் கணக்கு இல்லை. வீட்டுக்காரரிடம் சொத்து வரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள், எந்த உள்ளாட்சிக்குக் கட்டுகிறார், எந்த வார்டு என்று அதிலேயே இருக்கும். குடிநீர்க் கட்டண ரசீதிலும் பார்க்கலாம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே கிராம ஊராட்சி எல்லை வந்துவிடும். வாடகை குறைவு என்று அந்தப் பக்கம் தங்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு நகராட்சியும் இல்லை, பேரூராட்சியும் இல்லை, ஊராட்சித் தலைவரும் ஊராட்சிச் செயலரும்தான்.

பேரூராட்சியில யார் பெரியவர், தலைவரா இ.ஓ.வா?

இரண்டு பேருக்கும் வேறு வேறு வேலை. தலைவர் மக்கள் ஓட்டுப் போட்ட உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தவர். 2022 பிப்ரவரி 19-ல் நாம் வார்டு உறுப்பினருக்குத்தான் ஓட்டுப் போட்டோம், அவர்கள் சேர்ந்து மார்ச் 4-ல் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். செயல் அலுவலர், அதாவது இ.ஓ., அரசு ஊழியர். எந்தத் தெருவுக்கு முதலில் சாலை, எதற்கு எவ்வளவு பணம் என்பது மன்றத்தின் தீர்மானம். அதை நிறைவேற்றுவது, கையெழுத்துப் போடுவது, ஆட்களை அனுப்புவது இ.ஓ.வின் பொறுப்பு. நகராட்சியில் அந்த இடத்தில் ஆணையாளர் இருப்பார்.

அதனால் ஏற்கெனவே இருக்கிற ஒன்று பழுதானால் இ.ஓ.வுக்கு எழுதுங்கள், புதிதாக ஒன்று வேண்டுமென்றால் உங்கள் வார்டு உறுப்பினரைப் பாருங்கள். நான் பார்த்தவரை மனு எழுதுவதில் முக்கால்வாசிக் குழப்பம் இதைப் பிரித்துக்கொண்டாலே தீர்ந்துவிடுகிறது.

தெரு லைட் ஒரு வாரமா எரியல. ஈ.பி.க்கு போன் பண்ணினா எங்க வேலை இல்லைங்கறாங்க.

அவர்கள் சொல்வது சரி. கம்பமும் கம்பியும் மின்வாரியத்தினுடையது, அதில் தொங்கும் விளக்கு உள்ளாட்சியினுடையது. விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பேரூராட்சி. தெருவே இருட்டாக இருந்தாலோ கம்பம் சாய்ந்திருந்தாலோ கம்பி தாழ்ந்து தொங்கினாலோ மின்வாரியம், மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் கூப்பிடலாம். கம்பத்தில் எழுதியிருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு பேசுங்கள், "பிள்ளையார் கோயில் பக்கத்துக் கம்பம்" என்றால் ஊரில் எத்தனை பிள்ளையார் கோயில்!

யூனிவர்சிட்டிக்குள்ள பைப் உடைஞ்சு தண்ணி ஓடுது, பேரூராட்சிக்குச் சொல்லலாமா?

வளாகத்துக்குள் இருக்கும் சாலை, குழாய், விளக்கு எல்லாம் பல்கலைக்கழகத்தின் சொத்து, அதன் பராமரிப்புப் பிரிவிடம்தான் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் என்றால் வார்டன் வழியாக. 2013-ல் தமிழக அரசு பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்ட பிறகு "எல்லாமே கவர்மெண்ட்தானே" என்று கேட்கிறார்கள். கவர்மெண்ட்தான், ஆனால் துறை வேறு, கணக்கு வேறு.

இதிலேயே இன்னொரு பிரிவும் உண்டு. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி வாரக்கணக்கில் போராடினார்களே, அதற்குப் பின் 2021 ஜனவரியில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. ஆகவே ஆஸ்பத்திரி சம்பந்தமான குறையைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதிப் பயனில்லை, மருத்துவமனை நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். ஒரே வளாகம் மாதிரி தெரிகிற இடத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள். மனுவின் முதல் வரியில் இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள்: வாசலுக்கு உள்ளேயா வெளியேயா, எந்தக் கட்டடத்துக்கு எதிரே.

மழை பேஞ்சாலே தெருவுல தண்ணி நிக்குது. வருஷா வருஷம் மனு கொடுக்கிறோம், ஏன் ஒண்ணும் நடக்கல?

என்னிடம் அதிகமாக டைப் அடிக்கப்பட்ட மனு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பகுதி வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல், நடுவில் மேசை மாதிரித் தட்டையான நிலம். காவிரிப் பாசனத்தின் கடைமடையும் இதுதான். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் சமயத்தில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தெருவில் நிற்கும் தண்ணீர் முதலில் தெருச் சாக்கடைக்குப் போக வேண்டும், அது பேரூராட்சி அல்லது நகராட்சியின் வேலை. அங்கிருந்து வாய்க்காலுக்குப் போக வேண்டும். கான் சாகிப் வாய்க்கால் போன்ற பெரிய வாய்க்கால்கள் நீர்வளத் துறையின் பொறுப்பு. நடுவில் பெரிய சாலையின் அடியில் குழாய்ப் பாலம் வந்தால் அது நெடுஞ்சாலைத் துறை. வாய்க்கால் நிரம்பி ஓடும்போது தெருச் சாக்கடையை எவ்வளவு சுத்தம் செய்தாலும் தண்ணீர் இறங்காது, சில நேரம் எதிர்த்துக்கூட வரும். அதனால்தான் பேரூராட்சி ஆட்கள் வந்து மண்வெட்டியோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

இரண்டு யோசனை சொல்வேன். ஒன்று, கார்த்திகையில் தண்ணீரில் நின்றுகொண்டு மனு எழுதாமல் ஆடி, ஆவணியிலேயே எழுதுங்கள், தூர் வாருவதற்கு அப்போதுதான் நேரம் இருக்கும். போன மழையில் எடுத்த போட்டோவைத் தேதியோடு வையுங்கள். இரண்டு, தண்ணீர் எங்கிருந்து வந்து எந்த இடத்தில் முட்டி நிற்கிறது என்று ஒரு நாள் நடந்து பார்த்துக் கையாலேயே ஒரு படம் வரையுங்கள். முட்டுகிற இடம் யாருடையதோ அவர்களுக்கு மனு, மற்றவர்களுக்கு நகல். ஒரு தெருவுக்கு மூன்று பேர் பொறுப்பு என்றால் மூன்று பேருக்கும் ஒரே மனு போவதுதான் நல்லது, தனித்தனியாகக் கொடுத்தால் ஆளுக்கொருவரைக் கை காட்டுவார்கள்.

எங்க மெஸ்ஸில தினமும் அவ்வளவு குப்பை வருது, பேரூராட்சி வண்டி எடுக்க மாட்டேங்குது.

வீட்டுக் குப்பை வேறு, மெஸ், ஹாஸ்டல் குப்பை வேறு. 2016-ன் திடக்கழிவு விதிகளிலேயே ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வருகிற இடங்களைத் தனியாக வகைப்படுத்தி, மக்கும் குப்பையை முடிந்தவரை அவர்களே தங்கள் இடத்தில் உரமாக்கவோ எரிவாயுவாக்கவோ வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சின்ன மெஸ் என்றால் பிரித்துக் கொடுங்கள், சாம்பாரும் பாலித்தீன் கவரும் ஒரே வாளியில் இருந்தால் எடுக்க வரும் அந்த அம்மாதான் கையை விட்டுப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அவர் கையை நினைத்தாவது பிரித்துப் போடுங்கள் என்று மெஸ்காரர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

எங்க சொந்த ஊரு அரியலூர் பக்கம். குழந்தை இங்க ஆஸ்பத்திரியில பிறந்துச்சு. பிறப்புச் சான்றிதழ் எங்க வாங்கணும்மா?

குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. அப்பா அம்மா எந்த ஊர் என்பது கணக்கில் வராது. ஆஸ்பத்திரிகளே பிறப்பை அறிவித்துவிடும், 21 நாளுக்குள் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியிலேயே பதிவு எங்கே நடக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதோடு அப்பா அம்மா பெயரின் எழுத்துகளையும் சரி பார்த்துவிடுங்கள். பிறகு திருத்துவதற்கு அங்கிருந்து பஸ் ஏறி வர வேண்டியிருக்கும்.

பெயர் வைக்காவிட்டாலும் முதலில் பதிவாகிவிடும். ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பின் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை. தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குச் சான்று அந்த ஒரு சான்றிதழ்தான்.

வீட்டு வரி ஏன் இப்படி ஏறிப்போச்சு? கட்டலைன்னா என்ன ஆகும்?

பெரிய ஏற்றம் 2022-ல் நடந்தது. சென்னை தவிர்த்த ஊர்களில் 600 சதுர அடி வரை உள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். ரசீதில் உங்கள் வீட்டுச் சதுர அடி சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாடியில் போட்ட ஷீட்டையும் சேர்த்துக் கணக்கெடுத்துவிட்டார்கள் என்று நினைத்தால் மறு அளவீடு கேட்டு எழுதலாம்.

ஆண்டுக்கு இரண்டு தவணை. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கிடைக்கும், அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடும்.

நான் கடலூர்காரன் இல்லை, ஹாஸ்டல்ல இருக்கேன். ஓட்டு இங்க வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம். 18 வயது ஆகியிருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் குறைந்தது ஓராண்டுப் படிப்பில் இருக்க வேண்டும். கல்லூரித் தலைமையிடம் மாணவர் என்பதற்கான சான்று வாங்கிப் படிவம் 6 கொடுத்தால் விடுதி முகவரியிலேயே பதியலாம். ஆனால் ஒரே ஒரு இடம்தான். ஊரிலும் இங்கேயும் இரண்டு இடத்தில் பெயர் இருந்தால் அது குற்றம். ஏற்கெனவே ஊரில் பெயர் இருந்தால் படிவம் 6 இல்லை, இடமாற்றத்துக்கான படிவம் 8.

எது நல்லது என்று கேட்கிறார்கள். அது உங்கள் விருப்பம், ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் பட்டியல் தயாராகிறது. மூன்று நாலு வருடம் இங்கே தண்ணீர் குடித்து, இந்தத் தெருவில் நடந்து, இந்தக் கொசுக்கடியில் படிக்கிறவர்களுக்கு வார்டு உறுப்பினர் முன்னால் ஒரு ஓட்டுகூட இல்லை என்றால், விடுதித் தெருக்களைப் பற்றி யார் கேட்பார்கள்? 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் வீட்டில் ஆள் இல்லாததால் பெயர் விட்டுப்போனவர்களும் உண்டு, அதனால் எங்கே பதிந்திருந்தாலும் பட்டியலில் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

ஏரியா சபைன்னு ஒரு போர்டு பார்த்தேன். அது என்ன, கிராம சபை மாதிரியா?

அதேதான், நகரத்துக்கு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் அப்படி ஒன்று இல்லாமல் இருந்தது. 2022-ல் விதிகள் வந்து, அதே ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் முதல் ஏரியா சபைகள் நடந்தன. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் எல்லோரையும் உறுப்பினராகக் கொண்டு கூட்டுவது. முந்தின கேள்வியில் ஓட்டைப் பற்றி அவ்வளவு சொன்னதற்கு இதுவும் காரணம்.

போனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போங்கள், அதை எழுதியும் கொடுங்கள். வாயால் சொன்னது கூட்டம் கலைந்ததும் காற்றோடு போய்விடும்.

கவுன்சில் கூட்டத்தில என்ன முடிவு பண்ணாங்கன்னு நமக்கு எப்படித் தெரியும்?

முதல் வழி அலுவலக அறிவிப்புப் பலகை. டெண்டர், வரி, ஏலம் எல்லாம் அங்கே ஒட்டுவார்கள். வரி கட்டப் போகும்போது ஐந்து நிமிடம் நின்று படித்தாலே ஊர்ச் செய்தி பாதி தெரிந்துவிடும். இரண்டாவது, உங்கள் வார்டு உறுப்பினர். கூட்டத்துக்கு முன் அவருக்குக் கூட்டப் பொருள் தாள் வரும், கேட்டால் காட்டுவார்.

இரண்டிலும் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் எங்கள் தெருவுக்குச் சாலை போடவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏன் என்பது தகவல் இல்லை. "இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல்", "இந்தச் சாலைப் பணியின் மதிப்பீட்டு நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்ல நாளைக்கு லீவு, தண்ணி வராதுன்னு வந்துகிட்டே இருக்கு. எதை நம்புறது?

மழை விடுமுறையைப் பள்ளிகளுக்கு அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். பல்கலைக்கழகத் தேர்வு தள்ளிப்போகிறதா என்பதைச் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம். மின்தடை மின்வாரியம், தண்ணீர் பேரூராட்சி அல்லது நகராட்சி. செய்தியில் தேதி, ஆண்டு, யார் அறிவித்தார் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். கடலூர் மாவட்டம் என்று போட்டு இரண்டு வருடத்துக்கு முந்தைய படம் ஒவ்வொரு மழைக்கும் சுற்றுகிறது. அதை நம்பித் தேர்வுக்குப் போகாமல் விட்ட ஒரு பெண் என் கடையில் உட்கார்ந்து அழுதாள், இன்னும் மறக்க முடியவில்லை.

பொண்ணை லேடீஸ் ஹாஸ்டல்ல சேர்க்கப் போறோம். பேரூராட்சி லைசென்ஸ் இருக்குன்னு சொல்றாங்க, அது போதுமா?

போதாது. தனியார் மகளிர் விடுதிகளுக்கு 2014-ல் தனிச் சட்டமே வந்தது, அதன்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். உள்ளாட்சியின் தொழில் உரிமம், சமையல் இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எல்லாம் அதற்கு மேல். ஆட்சியர் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெற்றோர் கேட்பதில் தப்பே இல்லை, ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகக் காட்டுவார்கள். வீடாக வாடகைக்கு எடுத்தால் எழுத்து ஒப்பந்தம் போடுங்கள், 2017 வாடகைச் சட்டப்படி முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது.

மனு கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. இனி யாரைப் பார்க்கிறது?

முதலில், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கினீர்களா? இல்லையென்றால் நகலில் முத்திரை வாங்கி மறுபடி கொடுங்கள். பேரூராட்சிக்கு மேல் மாவட்டத்தில் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் இருக்கிறார். கடலூரில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் உண்டு. முதல்வர் உதவி மையம் 1100. 2025 ஜூலை 15-ல் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் நம் சிதம்பரத்தில்தான் தொடங்கின, 45 நாளில் தீர்வு என்றார்கள். அதில் மனு போட்டவர்கள் மனு எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தால் அதைக் குறிப்பிட்டே மேலே எழுதலாம்.

எங்கே போனாலும் மனு கடைசியில் நம் ஊர் அலுவலகத்துக்கே திரும்பி வரும் என்று சலித்துக்கொள்கிறார்கள். வரத்தான் செய்யும். ஆனால் பதில் எழுத வேண்டிய கெடுவோடு வரும், அந்த வித்தியாசம் பெரியது.

பணமே இல்லைன்னு சொன்னா? எம்.எல்.ஏ.கிட்ட போகலாமா?

போகலாம். எம்.எல்.ஏ.வுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, எம்.பி.க்கு 5 கோடி. நிழற்குடை, வகுப்பறை, சாலை மாதிரி நிலைத்து நிற்கும் வேலைகளுக்கு அதில் கேட்கலாம். குப்பை அள்ளுவது, விளக்கு மாற்றுவது மாதிரித் தினசரி வேலைகளுக்கு அது ஆகாது. இடம் யாருடையது என்ற ஆவணமும் தோராய மதிப்பீடும் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

படிப்பு முடிஞ்சுது அக்கா, ஊருக்குக் கிளம்புறேன். இங்க ஏதாவது முடிக்க வேண்டியது இருக்கா?

ஓட்டு இங்கே பதிந்திருந்தால் ஊர் முகவரிக்குப் படிவம் 8 போடுங்கள். வீட்டுக்காரரிடம் முன்பணத்தை வாங்கி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் கொடுத்த மனு ஏதாவது நிலுவையில் இருந்தால் அதன் நகலையும் எண்ணையும் அடுத்து அந்த ரூமுக்கு வருகிற பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். யாரும் கிடைக்காவிட்டால் என் கடையில் கொடுங்கள், அதற்கென்று ஒரு பைல் வைத்திருக்கிறேன்.